கிணற்றில் இறங்குவதற்கு முன்னால்

சுதந்திர தினத்தன்று கலெக்டர் கொடியேற்றி முடித்ததும் நற்சான்றிதழ் கொடுப்பார்கள். துறை துறையாகப் பெயர் வாசிப்பார்கள், வரிசையில் போய் வாங்கி, ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். எங்கள் தீயணைப்பு நிலையத்துத் தம்பி ஒருவன் அப்படி வாங்கினான். விஷவாயு நிறைந்த கிணற்றில் துணிச்சலாக இறங்கி உயிரைக் காத்தவர் என்று மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் இறங்கினான், ஒருவர் பிழைத்தார். நான் அப்போது அங்கே முன்னணி தீயணைப்போர், இப்போது ரிட்டயர்டு. அன்றைக்கு மேலே நின்று அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் என்கிற முறையில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அவன் இறங்கிய நேரத்தைவிட, ஊரே திட்டும்போது இறங்காமல் நின்று மூச்சுக் கருவியை மாட்டினானே, அதற்குத்தான் அந்தச் சான்றிதழ் பொருந்தும்.

சேலம் மாவட்டத்தில் ஒரு கிராமம். சித்திரை வெயில். கல் கட்டிய பழைய வட்டக் கிணறு, அறுபது அடி ஆழம், எட்டடி அகலம் இருக்கும். தண்ணீர் அடியில் போய்விட்டது, தூர் வாரினால் ஊற்றுக்கண் திறக்கும் என்று ஆள் விட்டிருக்கிறார்கள். சேறு வாருவதற்கு முன் இருக்கிற தண்ணீரை இறைக்க வேண்டும். மேலே வைத்த இஞ்சின் எவ்வளவு ஆழத்திலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடாது. கணக்குப்படி எல்லையே 34 அடிதான், நடைமுறையில் 25 அடியைத் தாண்டினாலே திணறும். அதனால் என்ன செய்தார்கள் என்றால், கிணற்றுச் சுவரில் பதித்திருந்த இரும்புக் கட்டைகளின் மேல் பலகை போட்டு, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன இஞ்சினை உள்ளேயே இறக்கிவிட்டார்கள். பல ஊர்களில் இதுதான் வழக்கம், நிறைய முறை ஒன்றும் ஆகாமல் வேலை முடிந்திருக்கும், அதனால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை.

காலை முழுக்க இஞ்சின் ஓடியிருக்கிறது. நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் சேறு அடைத்திருக்கிறதா பார்க்கிறேன் என்று ஒருவர் இறங்கினார். அடியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அவருடைய பங்காளி ஒருவர் விவரமானவர்தான், உடனே குதிக்கவில்லை. காடா விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறார். விளக்கு அணையவில்லை, நன்றாகவே எரிந்தது. சரி, உள்ளே காற்று இருக்கிறது என்று இறங்கினார். இஞ்சின் இருந்த பலகை வரைக்கும் வந்தவர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்த விளக்குச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அதுவரை சரி. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதத்தை நெருங்கும்போது சுடர் அணையும். ஆனால் விளக்கு எரிகிறது என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் கிடையாது. இஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, அது விளக்கை அணைக்கவும் செய்யாது. காற்றில் ஒரு சதவீதம் கலந்திருந்தாலே சில நிமிடத்தில் ஆள் முடிந்துவிடும், விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். சாக்கடை, செப்டிக் டேங்கில் வரும் ஹைட்ரஜன் சல்பைடும் அப்படித்தான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே என்பார்கள், அடிக்கும்தான், ஆனால் அளவு கூடினால் முதலில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே போவார். மீத்தேன் இருக்கிற இடத்தில் விளக்கை இறக்கினால் விளக்கே வெடிக்கு நெருப்பாகிவிடும்.

எங்களுக்கு போன் வந்தபோது வாட்ச் ரூமில் எழுதியது, கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார் என்று மட்டும். விழுந்தார் என்றால் எங்கள் மனசில் ஓடுவது வேறு: தண்ணீர், அடிபட்ட ஆள், கயிறு, ஏணி. எஸ்.ஓ., அதாவது நிலைய அலுவலர், அனுபவஸ்தர், போன் செய்தவரையே திரும்பக் கூப்பிட்டு, தவறி விழுந்தாரா, இறங்கி மயங்கினாரா, உள்ளே இஞ்சின் ஓடியதா என்று கேட்டார். அந்த ஒரு போனால்தான் மூச்சுக் கருவியை, நாங்கள் பி.ஏ. செட் என்போம், உபரி சிலிண்டரோடு எடுத்து வைத்தோம், காற்றை ஊதி உள்ளே தள்ளும் புளோயருக்குப் பக்கத்து நிலையத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். 101-க்கோ 112-க்கோ போன் போடுகிறவர்கள் இதைச் சொன்னால் போதும்: எத்தனை பேர் உள்ளே, மயங்கினார்களா விழுந்தார்களா, பேச்சு மூச்சு கேட்கிறதா, இஞ்சின் ஓடியதா, வெடி வைத்ததா. அப்புறம் ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். வாட்டர் டெண்டர் பெரிய வண்டி, தோட்டத்துப் பாதையில் தப்பான வளைவில் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்கவே நேரம் போய்விடும்.

போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேடு முழுக்க ஜனம். எட்டிப் பார்க்கும் கூட்டத்தின் கனத்தில் ஓரத்து மண் உதிர்ந்து உள்ளே இருப்பவர்கள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. பலகையில் இருந்தவரின் தம்பி, இருபது வயதுப் பையன், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கப் போகிறான், நான்கு பேர் இடுப்பைப் பிடித்து இழுக்கிறார்கள். ஈரத்துண்டு தூசியைத் தடுக்கும், வாயுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கும் அப்படித்தான்.

எங்கள் தம்பி வண்டியிலிருந்து குதித்தவன் நேராகக் கிணற்றுப் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். மேல்படியில் நின்று பார்த்தால் பலகையில் இருந்தவரின் தலை லேசாக ஆடுவது தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கால் நிற்காது, அது எனக்குப் புரியும். எஸ்.ஓ. ஒரே அதட்டல்: "செட் போடாம ஒருத்தன் உள்ள இறங்கக் கூடாது." அவன் காலை எடுத்தான்.

அதற்குப் பிறகு ஐந்தாறு நிமிடம் இருக்குமா, அதுதான் அந்த நாளின் மோசமான நேரம். செட் போடுவதை அவசரப்படுத்த முடியாது. சிலிண்டரில் காற்றழுத்தம் முழுசாக 300 பார் இருக்கிறதா என்று கேஜில் பார்க்க வேண்டும், வால்வைத் திறந்து குழாயில் காற்று கசிகிறதா கேட்க வேண்டும், ஃபேஸ் மாஸ்க்கை முகத்தில் வைத்து வார் இழுத்து, உள்ளங்கையால் குழாயை அடைத்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்ளே இழுக்கணும். நான்கு நாள் தாடி இருந்தால்கூட ஒட்டாது, ஓரம் வழியாக வெளிக்காற்று புகுந்துவிடும். பரேடில் ஷேவ் பண்ணாதவனை ஏன் திட்டுகிறார்கள் என்று புதுசாகச் சேர்ந்த பசங்களுக்குக் கிணற்று மேட்டில்தான் புரியும். இதெல்லாம் ஊருக்கு எப்படித் தெரியும்? "சம்பளம் வாங்குறீங்கல்ல, இறங்குங்கடா" என்று ஒருவர் கத்தினார். "எங்காளு சாகறான், இவனுங்க வேஷம் கட்டறானுங்க" என்றார் இன்னொருவர். ஒரு அம்மா மண்ணை வாரி எங்கள் மேல் தூற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளே இருப்பது அவர் பிள்ளை. எங்கள் தம்பியின் கை நடுங்கியதைப் பார்த்தேன், ஆனால் ஒரு பக்கிளைக்கூட அவன் தாண்டவில்லை.

அதே நேரத்தில் மற்றவர்களுக்கும் வேலை இருந்தது. வண்டியைக் கிணற்றை விட்டுத் தள்ளி, கிணற்றைத் தாண்டிக் காற்று போகிற பக்கம் நிறுத்தினோம், எங்கள் வண்டிப் புகையே உள்ளே போய்விடக் கூடாதில்லையா. ஹோஸில் பனி மாதிரி தண்ணீரைச் சிதறவிட்டுச் சுவரோரமாக இறக்கினோம், அது இறங்கும்போது மேல்காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். கிராமங்களில் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவார்களே, அதற்கும் இதே நியாயம்தான். உதவும், ஆனால் அதை நம்பி மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. கிணற்றில் கிடந்த ஊர்க் கயிறையும் கப்பியையும் நாங்கள் தொடவில்லை. வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்த கயிறு வாளியைத் தாங்கும், ஆளைத் தாங்குமா என்று இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தம்பி இறங்கினான். இடுப்பில் உயிர்க்கயிறு, கையில் இன்னொரு கயிறு. மாஸ்க் போட்டால் பேச்சு கேட்காது, கயிற்றில்தான் பேச வேண்டும். ஒரு இழுப்பு, நலமாக இருக்கிறேன். தொடர்ந்து இழுத்தால் என்னைத் தூக்கு. இதை வண்டியிலேயே பேசி வைத்துக்கொள்வோம். அவன் இறங்கிய நேரத்தையும் கேஜ் அளவையும் நான் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அடைத்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 50 நிமிடம் வரும், பேப்பரில். ஆளைத் தூக்கிக் கட்டி இழுக்கிறவன் அதைப்போல இரண்டு மடங்கு மூச்சு வாங்குவான். ஐம்பது பார் பக்கம் வந்ததும் செட்டில் விசில் அடிக்கும், அடித்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு மேலே வர வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பலகையில் இருந்தவருக்கு நாற்காலி முடிச்சு போட்டான். கயிற்றில் இரண்டு வளையம் விட்டு, ஒன்று அக்குளுக்கு, ஒன்று தொடைக்கு. சும்மா சொல்லக் கூடாது, அரை இருட்டில், கையுறையோடு, துவண்ட உடம்புக்கு அந்த முடிச்சைப் போடுவது லேசான காரியமில்லை. அடியில் கிடந்தவரின் வீட்டார் (அவர் இறந்துவிட்டார் என்று அப்போது யாருக்கும் தெரியாது) அவரை முதலில் தூக்கச் சொல்லி மேலே நின்று கத்தினார்கள், முதலில் விழுந்தது அவர்தானே என்று. நியாயமான கேள்வி. ஆனால் மூச்சு இருப்பவர்தான் முதலில். அவரைத் தூக்கி முடித்த பிறகு தம்பி அடிக்குப் போனான். முகம் தண்ணீருக்குள் இருந்தது, கால் சேற்றில் சிக்கியிருந்தது. அதை விடுவித்துக் கட்டி முடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டது, அறுபது அடி ஆழத்திலிருந்து மேலே வரை கேட்டது. உயிர்க்கயிறு தொடர்ந்து ஆடியது. அவனை முதலில் தூக்கினோம், கட்டப்பட்டவரை அடுத்து.

மேலே வந்த பிறகு நடந்ததையும் சொல்லணும், ஏனென்றால் அதிலும் ஒரு ஆள் போயிருப்பார். பிழைத்தவர் கண் திறந்தார், பேரைச் சொன்னார். யாரோ கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினார்கள், 98 காட்டியது. "நல்லாத்தான இருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி இளநி குடுக்கலாம்" என்றார்கள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவிக்கு ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, விஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாதாரணக் காற்றில் விட்டால் அந்த விஷம் பாதி குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போல. எஸ்.ஓ. பிடிவாதமாக 108 வண்டியில் ஏற்றி ஆக்சிஜன் மாட்டித்தான் அனுப்பினார். வண்டியிலேயே அவருக்கு வாந்தியும் வலிப்பும் வந்ததாக அப்புறம் சொன்னார்கள். இறந்தவரின் உதடும் நகமும் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தன. அதைப் பார்த்து உயிர் இருக்கிறது, நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள் என்று சண்டை. அந்த விஷம் ரத்தத்துக்குக் கொடுக்கும் நிறம் அது.

இறந்தவரின் அண்ணன் பிறகு நிலையத்துக்கே வந்து, ஏன் இவனை இரண்டாவதாக எடுத்தீர்கள் என்று தம்பியிடம் கேட்டார். கோபமாகக் கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தம்பிக்குப் பதில் வரவில்லை, எஸ்.ஓ. உட்கார வைத்துப் பேசினார். சான்றிதழில் இதெல்லாம் வராது.

நாங்கள் செய்தது சரியான காத்திருப்பு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூலையில் பெரம்பலூர் பக்கம் செல்லியம்பாளையத்தில் வெடி வைத்து வெட்டிய கிணற்றில் மயங்கியவரை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் வாயு தாக்கியே இறந்தார், கூட இறங்கியவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே வருடம் தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடை தீயில் கட்டடம் இடிந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2012 பொங்கல் சமயம் சென்னை எழிலகம் வளாகத்தில் பழைய கலச மகால் எரிந்தபோது கூரை விழுந்து முன்னணி தீயணைப்போர் ஒருவர் இறந்தார், உள்ளே போன அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயத்தோடு பிழைத்தார். அவருக்குப் பிறகு அண்ணா பதக்கம் கொடுத்தார்கள். ஏப்ரல் 14 அன்று எல்லா நிலையங்களிலும் மௌன அஞ்சலி உண்டு, 1944-ல் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களுக்காக ஆரம்பித்தது. வரிசையில் நிற்கும்போது இவர்கள் பெயரும் மனசில் ஓடும்.

பதக்கம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் தருவது நற்சான்றிதழ். வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் குடியரசு தினத்தன்று முதலமைச்சர் கையால் தருவது, அது பொதுமக்களுக்கும் உண்டு. செப்டம்பர் 15-ஐ ஒட்டி போலீஸ், தீயணைப்புத் துறைகளுக்கு அறிவிக்கும் அண்ணா பதக்கங்கள் வேறு. குடியரசுத் தலைவர் பதக்கங்களில் வீரச் செயலுக்குத் தனி, நீண்ட நாள் நல்ல பணிக்குத் தனி, பேப்பரில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவார்கள். உயிரைக் காப்பாற்றிய யாருக்கும், உங்கள் ஊர்ப் பையனுக்கும்கூட, 1961-லிருந்து ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது, மாநில அரசு வழியாகப் பரிந்துரை போக வேண்டும். நடந்த அன்றே யார் என்ன செய்தார் என்று சாட்சியோடு எழுதி வைக்காவிட்டால் ஒன்றும் நகராது. கயிறு பிடித்தவன் பெயரை எழுத மறந்துவிடுவார்கள் என்பது என் சொந்தப் பொருமல், விடுங்கள்.

ஊர்க்காரர்களால் செய்ய முடிந்தது என்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு நினைவு இருந்தால் வளையம் போட்ட கயிறை விட்டுக் கையை நுழைக்கச் சொல்லுங்கள், மேலிருந்தே இழுக்கலாம். நினைவு இல்லாவிட்டால் பஞ்சர் கடை, போர்வெல் வண்டி எதிலாவது கம்பிரசர் இருந்தால் அதன் காற்றுக் குழாயை அவர் முகத்தருகே போகும்படி இறக்குங்கள், கம்பிரசர் இஞ்சின் மட்டும் கிணற்றைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். உள்ளே கரண்டு மோட்டார் இருந்தால் மெயினை அணையுங்கள். கூட்டத்தை ஓரத்திலிருந்து பதினைந்து அடி தள்ளுங்கள், அதற்கு உங்கள் ஊர்ப் பெரியவர் பேச்சுதான் எடுபடும், எங்கள் பேச்சு எடுபடாது. இரண்டாவதாக இறங்க நிற்கும் சொந்தக்காரனைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடி வாங்கினாலும் பரவாயில்லை. அன்றைக்கு ஈரத்துண்டுப் பையனைப் பிடித்திருந்த நான்கு பேரில் ஒருவருக்கு உதடு கிழிந்திருந்தது, அவர் பிடியை விட்டிருந்தால் உள்ளே மூன்று பேர்.

இறைக்க வேண்டுமென்றால் இஞ்சினை உள்ளே இறக்காதீர்கள், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் கரண்டு மோட்டாரை வாடகைக்கு எடுங்கள், அது ஓடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது. வெடி வைத்த கிணறாக இருந்தால் புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் இறங்கலாம் என்பது தப்பு, புளோயர் போட்டுக் காற்றை மாற்றி, கேஸ் டிடெக்டரில் பார்த்த பிறகுதான். செப்டிக் டேங்கில் ஆளையே இறக்கக் கூடாது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது 2013-ன் சட்டப்படி குற்றம், கழிவை உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், 14420 என்ற எண் இதற்காகவே இருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்பினால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேளுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் பஸ் ஸ்டாண்டிலும் பள்ளியிலும் செய்து காட்டுவார்கள், மற்ற நாளிலும் பஞ்சாயத்துத் தலைவர் லெட்டர் கொடுத்தால் வருவார்கள். நாற்காலி முடிச்சை உங்கள் ஊர்ப் பசங்களில் ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தூர் வாரும் சீசனுக்கு முன்னால், மாசி பங்குனியிலேயே கூப்பிட்டால் நல்லது, சித்திரையில் நிலையத்தில் ஆள் இருக்க மாட்டார்கள், எல்லோரும் எங்காவது ஒரு கிணற்று மேட்டிலோ, தீப்பிடித்த சோளத்தட்டுப் போர் பக்கத்திலோதான் இருப்பார்கள்.